மாமரத்தில் நிற்கும் தோணி: ஒரு மாரி கடந்த பின் எழுதும் மதிப்பீடு

எங்கள் மாமரத்தில் நிற்கும் தோணியை மதிலுக்கு மேலால் கண்டவர்கள், யார் கட்டியது, எவ்வளவு செலவு முடிந்தது, நம்பி வேலை கொடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளையும் தவறாமல் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கான அந்தத் தோணி வடிவ மரவீடு 2024 ஜூலையில் கட்டி முடிக்கப்பட்டது. முடிந்த கையோடு எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகவே இருந்திருக்கும். புதுப் பலகையின் வாசமும் பிள்ளைகளின் ஆரவாரமும் அடங்கும் முன்னர் எந்தத் தகப்பனுடைய கண்ணுக்கும் குறை தெரிவதில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரவேலையின் தரம் ஒரு மாரியைக் கடந்த பிறகே வெளிப்படும் என்பதால் பத்து மாதங்கள் பொறுத்திருந்தேன். நல்லதோடு கெட்டதையும் சொல்லப் போவதால் பட்டறையின் பெயரையோ அதை நடத்துபவரின் பெயரையோ குறிப்பிடவில்லை. மட்டக்களப்பு நகரை அண்டி, கதவு, யன்னல், அலுமாரி, கட்டில் செய்து வரும் ஒரு குடும்பப் பட்டறை என்ற அளவு போதும்.

நாவற்குடாவில் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி இந்த வளவில் நின்ற தென்னைகளில் மூன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் சாய்த்துவிட்டது என்று அப்பா சொல்வார். அடுத்த வருடம் அவர் வைத்த மாங்கன்றுதான் இன்று பின்வளவை மூடி நிற்கிறது. நெஞ்சுயரத்தில் அதன் சுற்றளவு ஏறத்தாழ ஆறு அடி. ஒன்பது அடிக்கு மேலே மூன்று பெருங்கிளைகளாகப் பிரிகிறது. அதில் வீடு கட்டப் போகிறோம் என்றதும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "காத்து வந்தா மரத்தையே நம்ப ஏலா மனே, அதுக்கு மேல வீடா?" அந்தச் சூறாவளியின் இரவைக் கண்டவரோடு வாதாட முடியாது. ஆனால் அவரே இளமையில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உறவினரின் வயலில் பரண் கட்டிக் காவல் இருந்தவர். யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்த அந்தப் பரண்களைக் காட்டுக்கொடியால்தான் கட்டுவார்களாம். ஒரு போகம் முடிவதற்குள் கொடி உக்கிப் போகும். அடுத்த போகத்துக்குப் புதுக்கொடி. அப்போது அதைப் பழங்கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை தொடங்கிய பிறகே அதன் பொருள் விளங்கியது.

என்ன வடிவில் கட்டுவது என்பதில் வீட்டுக்குள் இரண்டு கிழமை இழுபறி நடந்தது. ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் யூரியூப்பில் பார்த்த கடற்கொள்ளையர் கப்பலைக் கேட்டார்கள். மண்டையோட்டுக் கொடியும் பீரங்கி வாயும் உள்ள அந்தக் கப்பலை இங்கே யாரும் கண்டதில்லை. நாளொன்றுக்கு இரண்டு தடவை கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பிள்ளைகள் காண்பதெல்லாம் வாவியில் வலை வீசும் தோணிகளைத்தான். தோணி என்றால் அதன் ஒவ்வொரு பாகத்தையும் அவர்களுக்குத் தெரியும், கேள்வி கேட்பார்கள், விளையாட்டும் தானாகப் பிறக்கும் என்பது என் எண்ணமாக இருந்தது. பாலமீன்மடுவில் 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டையும் தோணியின் ஒரு மூலையில் சேர்த்துவிடலாம் என்று சொன்ன பிறகுதான் மகள் இறங்கி வந்தாள். மகன் கொடியை மட்டும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. மண்டையோட்டுக்குப் பதில் அவனே வரைந்த நண்டு ஒன்று இப்போது அதில் பறக்கிறது.

வடிவத்தோடு பட்டறைக்குப் போனபோது ஒரு சொல்லே வழி காட்டியது போலிருந்தது. கிழக்கில் நாங்கள் தச்சரை ஓடாவியார் என்றுதான் அழைக்கிறோம். ஓடம் கட்டுகிற தச்சருக்கு உரிய அந்தச் சொல் காலப்போக்கில் கட்டில் செய்பவருக்கும் கதவு செய்பவருக்கும் பொதுவாகிவிட்டது. அலுமாரி செய்யும் ஓர் ஓடாவியாரிடம் ஓடம் கேட்டுப் போகிறோமே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் அவருடைய தவறைச் சொல்ல வேண்டும்.

அவர் வந்து மரத்தைப் பார்த்து, நாடாவால் அளந்து, தாளில் கீறித் தந்த முதல் திட்டம் இப்படி இருந்தது: தண்டின் இரு புறமும் இரண்டு கிடைமரங்களை வைத்து, ஆறங்குல ஆணிகளால் அறைந்து, மேலதிகப் பாதுகாப்புக்குத் தடித்த நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் தளத்தைத் தண்டோடு இடைவெளியின்றிப் பொருத்துவது. பார்வைக்கு உறுதியான திட்டம்தான். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மரத்தைத் தூக்கில் போடப் போகிறீர்களா?" என்று கேட்டிராவிட்டால் நானும் சம்மதித்திருப்பேன்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் மரவீடு கட்டும் எவருக்கும் இதுதான் அடிப்படை. மரத்தின் உயிர்ப்பு அதன் நடுவில் இல்லை. பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய படைகளில் இருக்கிறது. இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறத்தால். தண்டைப் பருக்கச் செய்யும் மாறிழையம் அதற்கும் உள்ளே. கயிற்றால் சுற்றிக் கட்டினால், தண்டு பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதைந்து அந்தப் பாதையை நெரிக்கும். வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். காட்டுக்கொடி ஒரு போகத்தில் உக்கிப்போவதால் பரண் கட்டிய மரம் பிழைத்தது. நைலோன் உக்காது. ஆணியும் அவ்வாறே: நெருக்கமாக அறைந்த பல ஆணிகளின் காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உட்புறம் அழுகுவதை விட, தடித்த ஒரே மரையாணியின் காயத்தை மரம் இலகுவாக மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரவீடு கட்டுபவர்கள் 1990களில் இதற்கென்றே கை தடிமனான மரையாணிகளை உருவாக்கினார்கள்; ஒன்று மட்டுமே பல ஆயிரம் இறாத்தல் பாரத்தைத் தாங்கும். நம் ஊர் ஹாட்வெயார்களில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

தோணி வருடா வருடம் மரத்தோடு உயர்ந்து போய்விடுமா என்று மகன் கேட்டதற்கும் அன்றே விடை கிடைத்தது. மரம் நீளுவது நுனியில் மட்டும்தான். ஐந்தடியில் அறைந்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் ஐந்தடியிலேயே இருக்கும். அவனுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

இந்த இடத்தில் ஓடாவியாரின் நடத்தையை மெச்ச வேண்டும். வேலைக்காரர்களுக்கு நடுவில் வேறொருவர் வந்து அறிவுரை சொல்வது எவருக்கும் பிடிக்காது. அவருக்கும் முகம் கறுத்தது. அன்று மாலை வரை பேசவில்லை. மறுநாள் காலை தாமாகவே வந்து, "சேர், நான் இதுவரைக்கும் தொட்டதெல்லாம் வெட்டின மரம். உயிரோட நிக்கிற மரத்தில வேல செய்தது இல்ல" என்று சொல்லிப் புதிய திட்டத்தைக் கீறினார். தம் தொழிலின் எல்லையை இப்படி வாய்விட்டுச் சொல்லும் ஒருவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

புதிய திட்டத்தில் மரத்தின் மீது பாரமே இல்லை. ஒன்பது அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட தளத்தை நான்கு முதிரைத் தூண்கள் தாங்குகின்றன. மாமரம் தளத்தின் நடுவில் உள்ள துவாரத்தின் வழியே எதையும் தொடாமல் மேலே போகிறது. தண்டைச் சுற்றி மூன்று அங்குல இடைவெளி விட்டு, விளிம்பில் தும்புக் கயிறு சுற்றியிருக்கிறார். காற்றில் மரம் அசைந்தாலும் தளம் அசைவதில்லை, மரமும் உராய்ந்து புண்படுவதில்லை. தூண்களை மண்ணில் புதைக்காமல், கொங்கிறீற்று அடித்தளத்தின் மேல் நாகமுலாம் பூசிய இரும்புக் காலணிகளில் நான்கு அங்குலம் உயர்த்தி நிறுத்தியது இரண்டு எதிரிகளை ஒரே நேரத்தில் தடுத்தது: தேங்கும் ஈரம் ஒன்று, கறையான் மற்றது. அடித்தளக் குழிகளைக்கூடப் பெரிய வேர்களை விலக்கிவிட்டுத்தான் தோண்டினார்கள். அதனால் ஒரு தூண் மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. கூர்ந்து பார்ப்பவருக்கு அது குறையாகத் தெரியலாம், எனக்கு இல்லை.

தளத்தின் உயரம் ஐந்தரை அடி. பிள்ளைகள் எட்டு அடி கேட்டார்கள், நான் இணங்கவில்லை. வீட்டுத் தளங்களுக்கு ஒரு சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரத்தை அமெரிக்கக் கட்டட விதிகள் கணக்கெடுக்கின்றன. அந்தக் கணக்கின்படி எங்கள் 54 சதுர அடித் தளம் 2,160 இறாத்தலைத் தாங்க வேண்டும். ஒழுங்கைப் பிள்ளைகள் அனைவரும் ஏறினாலும் அதன் பாதி வராது. கைப்பிடி வேலியின் உயரம் மூன்று அடி. அதன் நிலைக்குத்துச் சட்டங்களுக்கு இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் சிறுபிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடும். கிடைச் சட்டங்கள் வைத்தால் அழகாக இருக்கும் என்று ஓடாவியார் சொன்னதையும் ஏற்கவில்லை. கிடைச் சட்டம் பிள்ளைக்கு ஏணி. கீழே ஏணியைச் சுற்றியுள்ள நிலம் ஏற்கெனவே மணல் என்பதால் தென்னங்குற்றிகளால் எல்லை கட்டி, மேலும் கொஞ்சம் மணல் கொட்டினோம். அதை மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மழையில் இறுகிய மணல் விழுகிற பிள்ளைக்குக் கல்லுக்குச் சமம்.

மரத் தெரிவில் பட்டறை நேர்மையாக நடந்துகொண்டது. முதிரையைப் புதிதாக வாங்குவது விலையாலும் கடினம், ஏற்றிவர அனுமதிப்பத்திரமும் வேண்டும். பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த தூண்களை அவர் வாங்கி வைத்திருந்தார். ஆணித் துவாரங்கள் இருந்தாலும் உள்மரம் இரும்பு போல் இருந்தது. தளத்துக்குத் தேக்கு. இதில் எனக்குச் சண்டை வந்தது மரத்தைப் பற்றி அல்ல, பூச்சைப் பற்றி. கறையானுக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். வேலிக் கட்டைக்குப் பூசுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்து, வியர்த்த கையால் பிடித்து, அதே கையால் மாங்காய் கடிக்கும் தளத்தில் ஈயமும் வேறு உலோகங்களும் கலந்த கழிவு ஒயிலைப் பூசுவது எப்படித் தகும்? நான் இல்லாத நேரத்தில் உதவியாளர் இரண்டு பலகைகளுக்குப் பூசியே விட்டார். அவற்றைக் கழற்றி மாற்றச் செய்தேன். மாற்றிய பலகைக்கு ஓடாவியார் காசு கேட்கவில்லை.

இனி அணியத்தைப் பற்றி. இந்த வேலையில் நான் மனதாரப் புகழ்வது தோணியின் முன்பக்கத்தைத்தான்.

வளைந்த முன்பக்கத்தைத் தட்டையான பிளைவூட்டால் முக்கோணமாக வெட்டி ஒட்டிவிட்டு, மேலே நீல வர்ணம் அடித்து முடித்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். வேலை பாதியில் இருந்த ஒரு நாள் காலை, ஓடாவியார் மலைவேம்புப் பலகைகள் ஆறுடன் வந்தார். முதல் நாளிரவு முழுவதும் அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். வளவின் மூலையில் தென்னம்மட்டை கொண்டு தணல் மூட்டி, ஈரப் பலகையை அதன் மேல் பிடித்து, ஒருவர் ஒரு முனையை அழுத்த மற்றவர் மறு முனையை மெல்ல மெல்லத் தாழ்த்த, பலகை முறியாமல் வில்லைப் போல வளைந்து கொடுத்ததை நான் பாடசாலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நின்று பார்த்தேன். எங்கே தணலைக் கூட்டுவது, எங்கே தண்ணீரைத் தெளிப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது, அளவுகோலில் இல்லை. வளைந்த பலகைகளை உள்ளிருந்து விலா எலும்பு போன்ற வளைமரங்கள் பிடித்துக்கொண்டன. இடையில் அவர் சொன்னார், தம் தகப்பனார் வாவிக்கரையில் தோணி கட்டியவர் என்று. கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அந்த வேலை நின்றுபோய், தாம் அலுமாரிக்கு வந்ததாகவும், பதினேழு வயதுக்குப் பிறகு பலகை வளைத்தது இதுவே முதற்தடவை என்றும். அலுமாரி செய்யும் ஓடாவியாரிடம் ஓடம் கேட்கிறோமே என்று நான் சிரித்தது அப்போது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அணியத்தில் வெளியே ஓர் ஆணித்தலைகூடத் தெரிவதில்லை. பலகைகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாக ஓடி முனையில் கூடுகின்றன. எங்கள் வீட்டுக்கு வந்த மீனவ உறவினர் ஒருவர், ஏணியில் ஏறாமல், கீழே நின்று அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதத் தண்ணில இறக்கலாமே" என்றார். அடிப்பாகம் இல்லாத தோணி என்பதை நாங்கள் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

வெளிச்சவீடு அந்த அளவுக்கு வரவில்லை. நான்கு அடி உயரமான எண்கோணக் கூடு, வெள்ளை வர்ணம், உச்சியில் சோலர் விளக்கு ஒன்று. பாலமீன்மடுவில் உள்ளது 28 மீற்றர் உயர்ந்து நிற்கும் ஒடுங்கிய கோபுரம்; எங்களுடையதைப் பார்த்தால் தபாற்பெட்டி நினைவுக்கு வருகிறது. மேலே போகப் போக ஒடுங்க வேண்டும் என்று படம் காட்டியிருந்தும் அவசரத்தில் நேராகவே அடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு விளக்கு எரிந்தால் போதும் என்பதால் நானும் விட்டுவிட்டேன். கூரை தோணியின் நடுப்பகுதிக்கு மட்டும், இலுக்குப் புல் வேய்ந்தது. தகரம் போட்டிருந்தால் நீண்டகாலம் நின்றிருக்கும், ஆனால் கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் உள்ளே பிள்ளை இருக்க முடியாது, மாங்காய் விழும் ஒவ்வொரு தடவையும் வெடி போட்டது போலவும் இருக்கும். பக்கவாட்டில் வெயில் மறைக்க மருதமுனைக் கைத்தறித் துணியை மனைவி தைத்துக் கட்டினாள். அது பட்டறையின் கணக்கில் சேராது.

வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் எந்தப் பலகையைக் கண்டாலும் அதில் ஒரு பாடும் மீனை வரையாவிட்டால் வர்ணக்காரருக்குத் தூக்கம் வராது. வேலை முடியும் தறுவாயில் இங்கும் தூரிகையோடு ஒருவர் வந்துவிட்டார். மகள்தான் தடுத்தாள். அவளுக்குப் படம் வேண்டாம், பாட்டு வேண்டுமாம். நிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திச் சவளின் (துடுப்பின்) ஒரு முனையை நீருக்குள் வைத்து மறு முனையில் காதை வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பதை அவளுடைய அப்பப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்ட ஓடாவியார் மிஞ்சிய பிவிசி குழாயைத் தளத்திலிருந்து தூணோரமாக நிலம் வரை இறக்கி, இரு முனையிலும் தேங்காய்ச் சிரட்டையைப் பொருத்திவிட்டார். கீழே ஒருவர் பேசினால் மேலே காதில் விழும். முழு மரவீட்டிலும் மிகக் குறைந்த செலவில் முடிந்ததும், பிள்ளைகள் இன்றுவரை அலுக்காமல் பாவிப்பதும் இந்தக் குழாய்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட நாங்களும் அதையே பாவிக்கிறோம்.

காலமும் காசும் பற்றி: இரண்டு கிழமையில் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை ஜூன் 15 முதல் ஜூலை 15 வரை, 31 நாட்கள் இழுத்தது. திட்டம் மாறியதால் நான்கைந்து நாட்கள் போனது நியாயம். மீதி நாட்கள், கலியாண வீடொன்றின் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் எங்கள் வேலை கிடப்பில் போடப்பட்டதால் போனவை. வராத நாளில் வரமாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. தொலைபேசியை எடுப்பதும் இல்லை. வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழும், பதில் விழாது. இரண்டு முறை பிள்ளைகள் பாடசாலையிலிருந்து ஓடிவந்து வெறும் தூண்களைப் பார்த்து அழுதார்கள். பட்டறையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். மற்றவை எல்லாம் திருத்தக்கூடியவை.

பேசிய தொகை 240,000 ரூபாய். முடிந்தது 287,500 ரூபாய். மரத்துக்கு 118,000 ரூபாயும் கூலிக்கு 105,000 ரூபாயும் போயின. கொங்கிறீற்று, இரும்புக் காலணி, மரையாணி என்பவற்றுக்கு 46,500 ரூபாய். இதில் பெரும்பகுதி முதல் திட்டத்தில் இல்லாதது என்பதால் மேலதிகச் செலவுக்கு அவரைக் குறை கூற முடியாது. மிகுதி 18,000 ரூபாய் கூரைக்கும் வர்ணத்துக்கும். ஒவ்வொரு கொள்வனவுக்கும் பற்றுச்சீட்டைத் தாமாகவே கொண்டுவந்து தந்தார், பழைய முதிரைத் தூண்களுக்குக்கூட.

பின்னர் மாரி வந்தது. 2024 நவம்பர் கடைசிக் கிழமையில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் மணல் நிலத்தில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் காற்றும் மழையும் நாட்கணக்காக நின்றன. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அப்பா இரண்டு நாட்கள் சரியாக உறங்கவில்லை. மாமரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து இலுக்குக் கூரையில் விழுந்து வழுகிக் கீழே போனது. தூண்கள் அசையவில்லை, தளம் அசையவில்லை. காய்ந்த கிளைகளை வேலை தொடங்கும் முன்பே வெட்டியிருக்க வேண்டும். அது ஓடாவியாரின் பிழை என்பதை விட என் பிழை.

ஆனால் மழை நின்றபோது மூன்று குறைகள் தெரிந்தன. முதலாவது தளம். கச்சான் காற்றில் எலும்பாய் உலர்ந்திருந்த பலகைகளை, அலுமாரிக் கதவு பொருத்துவது போல, நூலும் நுழையாதபடி நெருக்கிப் பொருத்தியிருந்தார். ஜூலையில் அதைப் பார்த்து நானே வியந்தேன். மாரியில் பலகைகள் ஈரம் குடித்து அகன்று, போக இடமின்றி நடுவில் இரண்டு இடங்களில் மேலெழுந்துவிட்டன. வழிந்தோட இடுக்கின்றித் தண்ணீரும் தேங்கியது. வெளித் தளத்தில் பலகைக்குப் பலகை கால் அங்குலமாவது விட வேண்டும். இரண்டாவது மரையாணிகள். தூணின் காலணிகள் நாகமுலாம் பூசியவை என்றாலும், கைப்பிடி வேலிக்குப் பாவித்தவை சாதாரண இரும்பு. கடற்காற்றில் தை மாதத்துக்குள் துருநீர் வழிந்து வெள்ளை வர்ணத்தில் செம்பழுப்புக் கோடுகள் விழுந்தன. மூன்றாவது நான் புகழ்ந்த அந்த அணியமே. அதன் அடிமுனையில் தண்ணீர் போக வழியில்லை. இரண்டு போத்தல் அளவு மழைநீர் அங்கே தேங்கி நுளம்புக் குடம்பிகள் நெளிந்ததைக் கண்டபோது, டெங்குக் காலத்தில் பிள்ளைகளின் தோணியிலேயே நுளம்பு வளர்த்திருக்கிறோமே என்று வயிறு கலங்கியது. தண்ணீர் உள்ளே வராமல் தோணி கட்டப் பழகிய கை, வந்த தண்ணீரை வெளியே விட மறந்துவிட்டது. அன்றே நான் துளையிட்டு விட்டேன்.

பெப்ரவரியில் படங்களை அனுப்பினேன். வழக்கம் போல பதில் இல்லை; ஆனால் பத்தாம் நாள் காலை உதவியாளரோடு வந்து நின்றார். தளப் பலகைகள் அனைத்தையும் கழற்றி, விளிம்பைச் சீவி, இடைவெளி விட்டு மீண்டும் பொருத்தினார். வேலியின் மரையாணிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் மாற்றினார். அவற்றின் விலை 14,000 ரூபாயை நான் கொடுத்தேன். என் துளை கோணலாக இருக்கிறதென்று சொல்லி, அதை அகட்டிச் சிறு குழாய் ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். இரண்டு நாள் வேலைக்கும் கூலி வாங்க மறுத்துவிட்டார். எழுத்தில் எந்த உத்தரவாதமும் இல்லாத ஒரு வேலைக்கு, ஏழு மாதம் கழித்து வந்து இப்படித் திருத்தித் தருவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாவனையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பாடசாலை விட்ட நேரம் முதல் மைம்மல் வரை தோணி காலியாக இருப்பதில்லை. ஒழுங்கைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பன்பாய் ஒன்று மேலே கிடக்கிறது. மத்தியானத்தில் அப்பா அதில் படுத்திருப்பதை இரண்டு தடவை கண்டேன், கேட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். தீராத ஒரே தொல்லை முசுறு எறும்பு. மாமரமும் முசுறும் பிரியாதவை. நஞ்சு தெளிக்கலாம் என்று ஓடாவியார் சொன்னதற்கு நான் உடன்படவில்லை. தளத்தோடு தொட்டுக்கொண்டிருந்த சிறு கொப்புகளை மட்டும் கழித்துவிட்டோம். இப்போது கடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஆகவே, நம்பி வேலை கொடுக்கலாமா? மரவேலை என்ற அளவில், தயங்காமல் கொடுக்கலாம். நாட்டில் வேறெங்கும் இதைவிட நேர்த்தியான அணியத்தை ஒரு மரவீட்டில் காண முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மரத்தை அறிந்த ஒருவரைத் திட்டம் கீறும் நாளிலேயே பக்கத்தில் நிறுத்த வேண்டும். தளத்தின் இடைவெளி, உருக்கு மரையாணி, நீர் வடியும் துளை, பூசக்கூடிய எண்ணெய், பூசக்கூடாத எண்ணெய் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். முற்பணத்தை மரத்தின் விலையோடு நிறுத்திக்கொண்டு, மிகுதியை வேலை நகர நகரக் கொடுப்பது நல்லது. கலியாண மாதங்களில் அவரிடம் போகாமல் இருப்பது அதைவிட நல்லது. முடிக்கும் திகதியைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

மலைவேம்பு எடை குறைந்ததும் வளைந்து கொடுப்பதும் உண்மை. பூச்சுத் தவறினால் ஈரம் குடித்துவிடும் என்பதும் உண்மை. அணியத்தின் இடது பக்கத்தில் வர்ணம் ஏற்கெனவே மெல்ல உரியத் தொடங்கியிருக்கிறது. கச்சான் தொடங்கும் முன் வந்து இரண்டாம் பூச்சு அடித்துத் தருவதாக ஓடாவியார் சொல்லியிருக்கிறார். எந்த நாள் என்று கேட்டு அனுப்பியதற்கு நீலக்கோடு விழுந்திருக்கிறது.